இளைத்ததெல்லாம் நல்ல செய்தியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பாலக்காட்டு மாவட்டம்தான், ஆனாலும் எங்களுக்குக் காலையில் பேப்பர் என்றால் கோவையிலிருந்து வரும் உங்கள் பேப்பர்தான். துணி வாங்க வருகிறவர்கள் காத்திருக்கும்போது முதலில் எடுப்பது சினிமாப் பக்கத்தை. அதில் ஒரு நடிகை இளைத்துவிட்டால் 'ஒல்லி லுக்கில் அசத்தல்', கொஞ்சம் சதை போட்டால் 'ஆளே மாறிப்போயிட்டாரே'. பிள்ளை பெற்று எழுந்தவரைக்கூட விடுவதில்லை. பக்கத்திலேயே ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைக்கும் பொடிக்கு விளம்பரம் வேறு.

2025 மார்ச்சில் கண்ணூர்ப் பக்கத்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி, எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் மாதக்கணக்காகச் சாப்பாட்டை ஒதுக்கி இறந்துபோனாள். தமிழ்ச் சேனல், மலையாளச் சேனல் எல்லாவற்றிலும் 'யூடியூப் டயட்' என்று ஓடியது. என்ன குடித்தாள், கடைசியில் எத்தனை கிலோ இருந்தாள் என்பதெல்லாம் விலாவாரியாக வந்தது, டாக்டர்கள் சந்தேகப்பட்ட அனோரெக்ஸியா என்ற நோயைப் பற்றி மட்டும் ஓரிரண்டு வரி. மனநோய்களில் அதிகமாக உயிர் குடிப்பவற்றில் அது ஒன்று. எலும்பும் தோலுமாக நிற்கிறவளுக்கும் கண்ணாடியில் தன் உடம்பு குண்டாகத்தான் தெரியும், அதுதான் நோயே. இங்கே கடைக்கு வந்தவர்கள் 'பிடிவாதம் பிடித்த பெண்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் கடைக்கு வரும் கல்லூரிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அதே சுடிதார்களைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து, "சைடு இன்னும் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கக்கா" என்பார் அவள் அம்மா, பெருமையாக. உட்கார்ந்திருந்த ஒருவர், "நல்லா ஸ்லிம் ஆயிட்டியே கண்ணு, என்ன பண்றே, எங்க பொண்ணுக்கும் சொல்லேன்" என்றார். பாலக்காட்டு ஏப்ரல் வெயில் உங்களுக்குத் தெரியும், அந்த வெயிலில் அவள் முழுக்கைச் சட்டைக்கு மேல் துப்பட்டாவையும் சுற்றிக்கொண்டிருந்தாள். கை அளவு எடுக்கும்போது பார்த்தேன், பச்சைக் குழந்தைக்கு இருப்பது மாதிரி முழங்கை வரை மெல்லிய பூனைமுடி, விரல் நுனியெல்லாம் சில்லென்று. நர்சாக இருக்கும் அக்கா மகளிடம் சொன்னதற்கு அவள் முதலில் கேட்டது, "மாதாமாதம் தலைக்கு ஊத்துறாளா சித்தி?" என்றுதான். உள்ளே கொழுப்பு கரைந்து சூடு தங்காதபோது உடம்பு அப்படி முடி வளர்க்குமாம், மாதவிலக்கும் நின்றுபோகுமாம். அந்த அம்மாவைத் தனியாக அழைத்துச் சொன்னேன். கோபித்துக்கொண்டு போனார், கொஞ்ச நாள் துணியும் வரவில்லை. இப்போது கோவையில் வைத்தியம் நடக்கிறது.

"நாலு நாள் நல்லா ஆக்கிப் போட்டா தேறிடுவா" என்று இங்கே எல்லோரும் வைத்தியம் சொல்கிறார்கள், அது ஆபத்து. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புச் சத்துகள் தாறுமாறாகி இதயமே நின்றுபோகலாம். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார்கள். இன்னொரு வகையும் உண்டு, அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுப்பது. அவர்கள் இளைத்தே தெரியமாட்டார்கள், பல் அரித்துப்போயிருப்பதைப் பார்த்துப் பல் டாக்டர் கண்டுபிடித்தால் உண்டு.

எல்லாம் செல்போன் செய்கிற வேலை என்று நீங்கள் எழுதலாம். பொய்யில்லை. தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே மனது கஷ்டப்படும் பருவப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று சொன்னது அந்தக் கம்பெனியின் சொந்த ஆய்விலேயே இருந்தது, 2021-ல் வெளியே வந்தது. ஆனால் செல்போனுக்கு முன்பே ஃபிஜித் தீவில் நடந்த கதை ஒன்று உண்டு. பூசினாற்போல இருந்தால்தான் மதிப்பு என்றிருந்த ஊர், நம் பாட்டிமார்கள் காலம் மாதிரியே. 1995-ல் அங்கே ஒரு பகுதிக்கு டிவி வந்தது. எடை குறைக்க வாந்தி எடுக்கிறோம் என்று சொன்ன பள்ளிக்கூடப் பெண் அப்போது ஒருத்திகூட இல்லை. 1998-ல் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் கேட்டபோது நூற்றுக்குப் பதினோரு பேர் சொன்னார்கள். டிவிக்காரர்கள் யாரையும் பட்டினி கிடக்கச் சொல்லவில்லையே, ஒல்லியானவர்களைக் காட்டினார்கள், அவ்வளவுதான். நீங்கள் ஒரு படி மேலே போய்த் தலைப்பிலேயே மார்க் போடுகிறீர்கள்.

பிரான்சில் விளம்பரத்துக்காக மாடலின் உடம்பைக் கம்ப்யூட்டரில் இளைக்க வைத்தால் 'திருத்திய படம்' என்று போட்டாக வேண்டும், 2017-லிருந்து சட்டம். அதெல்லாம் இங்கே வரும்போது வரட்டும். நான் கேட்பது சின்ன விஷயம். இந்த நோய் பற்றிச் செய்தி வந்தால் எத்தனை கிலோ, எப்படிப் பட்டினி கிடந்தாள் என்பதை விட்டுவிடுங்கள், ஏற்கெனவே நோயில் இருக்கிற பிள்ளை அதைப் போட்டியாக எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐப் போடுங்கள். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள், கேரள-தமிழக எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே எண்தான். பொடி விளம்பரத்தை நிறுத்தச் சொன்னால் விளம்பரப் பிரிவு ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். சினிமாப் பக்கத்துத் தலைப்பு உங்கள் கையில்தானே இருக்கிறது, அதையாவது மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா (ஆந்திரா சித்தூர் அல்ல, எங்கள் சித்தூர்).