தாடைத் தசை ஆய்வுக்குத் துணை நின்றோர்க்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பல்லை விடாமல் இறுக்கிக் கடிக்கும்போது தாடைத் தசைகள் எவ்வாறு களைப்படைகின்றன என்பதை அளக்கும் எங்கள் ஆய்வின் பதிவுப் பணி நிறைவடைந்துள்ளது. உங்களில் எவர் ஒருவர் இல்லாதிருந்தாலும் இது நடந்திருக்காது.

முதல் நன்றி தன்னார்வலர்களுக்கு. கன்னத்தில் விரல் வைத்துப் பல்லைக் கடித்தால் திரண்டெழும் மாசீட்டர் தசையின் மேல்தான், அதன் மின் சமிக்ஞையைப் பதிவு செய்யும் மின்முனைகளை ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் அவை சரியாக ஒட்டா. ஆசையாய் வளர்த்த தாடியை எங்களுக்காக மழித்துவிட்டு வந்த தம்பிமார்களை மறக்க மாட்டேன். தம் முழு விசையில் பாதியை, திரையில் தெரியும் கோட்டிலிருந்து வழுவாமல், இனி முடியாது என்னும் வரை பிடித்திருப்பது எளிய செயலன்று. நெற்றிப்பொட்டு வரை வலி ஏறி, கண்ணில் நீர் கோத்த பின்னும் நீங்கள் கோட்டை விடவில்லை.

அந்தக் கடைசி நொடிகள்தாம் இந்த ஆய்வின் உயிர். இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டம் குறைந்து கழிவுகள் தேங்கும்போது, தசையிழைகளின் வழியே மின் அலை பரவும் வேகம் தளர்ந்து சமிக்ஞையின் நடு அதிர்வெண் (அதன் ஆற்றலைச் சரிபாதியாகப் பிரிக்கும் அதிர்வெண்) இறங்குகிறது. அதே விசையைக் காக்க மேலும் பல இழைகள் வேலைக்கு இழுக்கப்படுவதால் சமிக்ஞையின் வீச்சோ, அதாவது அலையின் உயரமோ, ஏறுகிறது. களைத்த தசையின் அதிர்வெண் குறைவதை ஜெர்மானிய உடலியலாளர் ஹான்ஸ் பைப்பர் 1912-இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் கடிவிசை நிலையாக இல்லாவிட்டால், மாற்றம் களைப்பால் வந்ததா, விசை மாறியதால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே உங்கள் பொறுமையே எங்கள் தரவு என்பதை உபசாரமாக அல்ல, உண்மையாகவே சொல்கிறேன்.

ஆய்வகத் தொழில்நுட்பர் அண்ணனுக்குத் தனி நன்றி. தசையின் சமிக்ஞை ஏறத்தாழ 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்க, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதன் நடுவிலேயே வந்து உட்கார்ந்துவிடும். வடிகட்டினால் தசையின் சமிக்ஞையும் கொஞ்சம் போய்விடும் என்று மறுத்து, ஒவ்வொரு கருவியாக அணைத்துப் பார்த்து, பழைய டியூப்லைட் சோக்கு ஒன்றுதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் அவர்.

தாடை மூட்டில் வலியுள்ள எவரையும் சேர்க்கக் கூடாது என்று உறுதியாக நின்ற என் நெறியாளர் அம்மையாருக்கும், கடிவிசையை அளக்கும் கடிகருவியை ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கம் செய்து தந்த செவிலியர் அக்காவுக்கும் கடமைப்பட்டுள்ளேன்.

தன்னார்வலர்கள் தத்தம் பதிவு வரைபடத்தைத் துறையில் நேரில் பெற்றுக்கொள்ளலாம். மெல்லும்போது எவருக்கேனும் இன்னும் வலி இருந்தால், தயங்காமல் உடனே வந்து என்னைப் பாருங்கள்.

நன்றியுடன்,
ஆய்வு மாணவி