விதை வாங்குகிற எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பானவர்களுக்கு வணக்கம்.

"அந்தக் கடை விதை முளைக்கேல்லை, பழசைத்தான் விக்கினம்" என்ற கதை மாங்குளம் சந்தியில் தொடங்கி ஒட்டுசுட்டான் வரைக்கும் போய்விட்டது. முளைக்கவில்லை என்று சொன்னால் கேட்டுக்கொள்வோம். பழசு என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. புது விதை வரும்போதெல்லாம் ஈரத்துணியில் முளை பார்த்த பிறகுதான் விற்பனைக்கு வைக்கிறோம். நீங்களும் பார்க்கலாம். பைக்கட்டிலிருந்து 20 வெண்டி விதையை எடுத்து நனைந்த துணியில் மடித்து, காயவிடாமல் ஒரு கிழமை வையுங்கள். 15, 16 முளைத்தால் அது நல்ல விதை. முளைக்காவிட்டால் பைக்கட்டோடு கடைக்கு வாருங்கள்.

குறை சொன்னவர்களிடம் விசாரித்ததில், பெரும்பாலும் விதைத்த இடத்தில்தான் சிக்கல். மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளை ஐப்பசி மழைக்குள் நேரே தறையில் தூவினால் வெள்ளத்தோடு போய்விடும். தப்பினதும் இறுகின மண்ணைத் தள்ளிக்கொண்டு வராது. இவற்றை நாற்றுமேடையில் போட்டு, நாலு கிழமையளவில் பிடுங்கி நட வேண்டும். காலபோக (மாரிகால) மிளகாய்க்கு ஆவணி, புரட்டாதியிலேயே மேடை போட்டுவிடுங்கள்.

வெண்டி, பயற்றை, பூசணி, பாகல், புடோல், வெள்ளரி எல்லாம் வேரை அசைத்தால் சோர்ந்துவிடும். நிற்கப்போகிற இடத்திலேயே குழிக்கு 2, 3 விதை ஊன்றி, வளர்ந்த பிறகு நல்ல கன்றை விட்டு மற்றதைக் கழியுங்கள். வெண்டியையும் பாகலையும் முதல்நாள் இரவே ஊறவிடுங்கள். முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கவர்விடும்.

அதிகம் ஏச்சு வாங்கித் தந்தது கொத்தமல்லி. அந்த ஒரு உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. மெல்ல நசுக்கி இரண்டாகப் பிளந்து, ஊறவைத்துப் போட்டாலும் 10 நாளாவது செல்லும். ஐந்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்த்தால் என்ன செய்வது? அதையும் நேரே விதையுங்கள். பிடுங்கி நட்டால் இலை தருவதற்கு முன்னமே பூவுக்குப் போய்விடும். வெந்தயம் மூன்று நாலு நாளில் தலைகாட்டும். கீரை விதையை மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது.

விற்பனைக்குக் கன்று வளர்க்கிற எங்கள் நாற்றுமேடையைப் பார்த்துவந்த தம்பி வெளிநாடு போய்விட்டார். தும்புத்தூளும் நாற்றுத் தட்டும் விலை ஏறிவிட்டன. ஆகவே வெண்டி, பூசணிக் கன்றுகள் இனி இல்லை; மற்றக் கன்றுகள் கொஞ்சம் விலை கூடும்.

மீள்குடியேறி வளவைத் துப்புரவாக்கின கையோடு எங்களிடம் விதை கேட்டு வந்தவர்கள் இன்றைக்கும் வருகிறீர்கள். மல்லாவி, கனகராயன்குளத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் மனதார நன்றி. மாரி விதைகள் வந்துவிட்டன. உங்கள் வளவு செம்மண்ணா களியா என்று சொல்லுங்கள். எதை ஊன்றுவது, எதை மேடையில் போடுவது என்று ஆறுதலாக இருந்து சொல்லித் தருவோம்.

அன்புடன்,
உங்கள் விதைக்கடை,
மாங்குளம்