அந்தக் காம்பஸ் விஷயம்: நம் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

சேலம், ஐந்து ரோடு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கேட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கேபிள் வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. என் மனம் நோகக்கூடாது என்று நினைத்தீர்கள், தெரியும். "சேலத்துக்காரனுக்குக் கடல் தெரியுமா? பழைய கார் ஸ்பீக்கரை மாட்டிவிட்டான், படகே திசை மாறிவிட்டது" என்கிறார்கள். 22 வருடமாக நம் கடைப் படியேறி வருகிறவர்கள், நடந்ததை என் வாயால் கேட்பதுதான் முறை.

நம் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான், ஸ்பீக்கர் பொருத்துவது. கார், வேன், எஸ்டேட் ஜீப், ஏற்காட்டு விடுதிகளின் வராந்தா. இருபது கொண்டை ஊசி வளைவிலும் தினம் ஏறி இறங்கும் திறந்த ஜீப்பில் ஸ்பீக்கர் பொருத்திப் பழகியதால்தான் பனியும் ஈரமும் குலுக்கலும் ஒரு ஸ்பீக்கரை என்ன செய்யும் என்று கற்றோம். மூன்று வருடத்துக்கு முன், மலைமேல் காபித் தோட்டம் வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர், சென்னையில் தான் நிறுத்தியிருக்கும் பாய்மரப் படகுக்கும் நீங்களே செய்து கொடுங்கள் என்று கூட்டிப் போனார். அவர் சொல்லி இதுவரை ஏழு படகு. அதில் ஏழாவதுதான் அந்தப் பதிவில் சொல்கிற படகு.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பாய்மரப் படகில் சுக்கான் பிடிப்பவரும் பாய்க்கயிறு இழுப்பவரும் உட்காரும் திறந்த பள்ளத்தைக் காக்பிட் என்பார்கள். அதன் முன்பக்கம் கேபின் சுவர். இந்தப் படகில் அந்தச் சுவரில்தான், வலப்பக்கமாக, காந்தமுள்ளால் திசை காட்டும் காம்பஸ் பதித்திருந்தது. ஸ்பீக்கர் வைக்கக் கண்ணுக்கு அழகான இடமும் அதே சுவர்தான், இருபுறமும் ஒன்றொன்று. அதனால்தான் நான் முதல் தடவை போனபோதே அந்த இடம் வேண்டாம் என்று சொல்லி, பின்பக்க ஓரச்சுவரில் பென்சிலால் வட்டம் போட்டு வந்தேன். காம்பஸிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல். அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது.

பொருத்தும் அன்று நான் போகவில்லை. பின்னால் வைத்தால் முன்னால் சத்தம் கேட்காது என்று உரிமையாளர் சொல்ல, நம் பையன் இடத்தை மாற்றிவிட்டான். காம்பஸுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே 30 சென்டிமீட்டர்தான். எனக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அது நம் தவறு, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் "கார் ஸ்பீக்கர்" என்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாட்டியது படகுக்கென்றே செய்த ஸ்பீக்கர். வெயிலில் வெளுக்காத முகப்பு, நீர் புகாத கூம்பு, பெட்டியும் பில்லும் கடையில் இருக்கின்றன. எந்த ஸ்பீக்கருக்கும் முதுகில் காந்தம் உண்டு, ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கருக்கும் உண்டு, முப்பதாயிரம் ரூபாய் ஸ்பீக்கருக்கும் உண்டு. அது நிலைக்காந்தம். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். "பாட்டை நிறுத்தியும் முள் நேராகவில்லையே, அப்படியானால் மட்டமான சரக்குதானே" என்று அந்தப் பதிவில் கேட்கிறார்கள். நிறுத்தினால் எப்படி நேராகும்? ஃபைபர் சுவரும் அதைத் தடுக்காது. கேபினுக்குள்ளே, சுவரின் அந்தப் பக்கம் மாட்டியிருந்தாலும் முள் திரும்பியிருக்கும். நம் ஊர்க் கஞ்சமலையின் இரும்புத்தாதுக் கல்லில் காந்தம் ஒட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தூரம்தான் இதற்கு முதல் மருந்து. தூரம் இரண்டு மடங்கானால் காந்தத்தின் வலு பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். போன வாரம் நானே நேரில் போய்ப் பார்த்தேன். பழைய இடத்தில் முள் 18 டிகிரி விலகி நின்றது. ஸ்பீக்கரைக் கழற்றி நான் முதலில் வட்டம் போட்ட இடத்துக்குக் கொண்டுபோனதும் முள் தன் இடத்துக்கு வந்துவிட்டது. அதே ஸ்பீக்கர்தான். இதைக் கைக்காம்பஸை வைத்து ஒப்பிட்டோம். போனில் இருக்கும் காம்பஸை இதற்கு நம்பாதீர்கள், அதுவும் காந்தத்தை உணர்ந்து சொல்வதுதான், ஸ்பீக்கர் பக்கத்தில் அதுவும் ஏமாறும்.

பழைய ஓட்டைகளை அடைத்தது, புது இடத்தில் வெட்டியது, வெட்டிய விளிம்பில் எபாக்ஸி என்ற பிசின் பூசியது எல்லாம் நம் செலவு. எபாக்ஸி ஏன் என்றால், பல படகுகளில் ஃபைபருக்கு நடுவே பால்சா என்ற லேசான மரம் இருக்கும். வெட்டிய விளிம்பைப் பூசாமல் விட்டால் அதில் தண்ணீர் இறங்கி உள்ளுக்குள்ளேயே அழுகும். வெளியே தெரியும்போது தளமே மெத்தென்று ஆகியிருக்கும். போகும் ஒயரையும் வரும் ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டிவிட்டோம். கரன்ட் ஓடும் ஒயரும் முள்ளைத் தொந்தரவு செய்யும், முறுக்கினால் ஒன்றின் இழுப்பை மற்றது சரிக்கட்டும்.

ஸ்க்ரூ துருவைப் பற்றியும் ஒரு வரி. உருக்காலை இருக்கும் ஊரிலிருந்து போய்த் துருப்பிடிக்கிற ஸ்க்ரூ போட்டான் என்கிறார்கள். நம் வீட்டுப் பாத்திரத்துக்குப் போதுமான 304 ரக ஸ்டீல், உப்புக் காற்றில் பழுப்பு பூக்கும். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் வேண்டும். முதல் இரண்டு படகுகளில் 304 போட்டது உண்மை. அந்த இரண்டு பேரும் எப்போது வேண்டுமானாலும் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்.

அப்புறம், ஸ்பீக்கர் பொருத்தும் நம் மூத்த பிட்டர். பதினோரு வருடம் என்னோடு இருந்த பையன் வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கிறான். இந்தப் பிரச்சினையால் நான் அனுப்பிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். விசா வந்து இரண்டு மாதம் ஆகிறது, தங்கையின் கல்யாணக் கடன் இருக்கிறது. போகும் அன்று கடை வாசலில் நின்று அழுதான். அவன் கையால் மாட்டிய ஸ்பீக்கர்கள் இந்த ஊரில் எத்தனை வண்டியில் பாடிக்கொண்டிருக்கின்றன! அவன் பெயரைக் கெடுக்காதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனிமேல் படகு வேலை எதுவானாலும் துளை போடும் அன்று நான் நேரில் இருப்பேன். ஓட்டை போடுவதற்கு முன், ஸ்பீக்கரை அந்த இடத்தில் கையால் பிடித்துக் காம்பஸைப் பார்ப்போம். முள் அசைந்தால் அந்த இடம் கிடையாது, யார் சொன்னாலும் கிடையாது. ஆள் குறைவு, செம்பு விலை, வெள்ளீயம் பூசிய ஒயரின் விலை எல்லாம் சேர்ந்து பொருத்துக்கூலி அடுத்த மாதம் முதல் 1,500 ரூபாய்க்குப் பதில் 2,200 ரூபாய், பொருத்தும் வேலைக்கு உத்தரவாதம் ஆறு மாதம்.

அந்தப் பதிவு வந்த அன்றே கடைக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் தன் ஜீப்பின் சாவியை மேசைமேல் வைத்து "நாலு ஸ்பீக்கரையும் புதிதாக மாற்றுங்கள்" என்று சொன்ன ஏற்காட்டு அண்ணனுக்கும், குரூப்பில் நமக்காகப் பேசிய வேன் ஓட்டும் தம்பிகளுக்கும், "சாப்பிட்டாயா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போன செவ்வாய்ப்பேட்டை அம்மாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்த வாரம் கடையைத் திறக்கத் தெம்பு வந்தது உங்களால்தான்.

படகு வைத்திருப்பவர்கள் வரும் முன், காம்பஸ் இருக்கும் இடத்தை டேப் பிடித்து அளந்து போட்டோ எடுத்து அனுப்புங்கள். கேபின் சுவரின் உள்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரன்