ஸ்டோர்மேன் தூங்கவில்லை ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நார்வேயில் கட்டாய இராணுவச் சேவை முடித்து வீடு திரும்புகிறவர்கள் இனி உள்ளாடையையும் காலுறையையும்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும், அவை அடுத்து வருகிறவர்களுக்குப் போகும் என்று 2022இல் வந்த செய்தியைச் சென்ற வாரம் உலக வினோதங்களோடு சேர்த்துப் போட்டிருந்தீர்கள். செய்தி சரி. அதன் அடியில், ஸ்டோர்மேன் தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒரு நகைச்சுவை வரியும் சேர்த்திருக்கிறார்கள். எழுபதுகளின் இறுதியில் சிங்கப்பூரில் என் தேசிய சேவை முழுவதையும் ஸ்டோர்மேனாக, அதாவது படைக் கிடங்கில் சாமான் கொடுத்து வாங்குபவனாக, கழித்தவன் நான். காலைக் காப்பி நேரத்தில் அதைப் படித்தேன். நல்ல நகைச்சுவை, நன்றி.

உங்களுக்குத் தெரியாததல்ல. நார்வேயில் அப்போது ஆண்டுக்குச் சுமார் 8,000 இளையர்கள் சேவைக்குப் போனார்கள். 2015 முதல் பெண்களுக்கும் அது கட்டாயம். முன்பெல்லாம் உள்ளே போடுகிற துணியை அவர்களே வைத்துக்கொள்ளலாம். கொவிட் வந்தது, ஆலைகள் மூடின, சரக்கு வந்து சேரவில்லை, கிடங்கு காலி. அதனால் திருப்பி வாங்கித் துவைத்து, பார்த்துச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? மருத்துவமனைக் கட்டிலில் முந்தின நாள் வேறொருவர் படுத்த விரிப்பில்தானே நாமும் படுக்கிறோம்?

கோபப்பட வேண்டிய இடம் வேறு. எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்து உலகிலேயே மிகப் பெரிய அரசாங்க முதலீட்டு நிதியை வைத்திருக்கும் நாடு அது. சட்டம் போட்டுக் கூப்பிட்ட பிள்ளைக்கு, துருவத்துக்குப் பக்கத்துக் குளிரில், அந்த நாட்டால் போதிய காலுறை கொடுக்க முடியவில்லை. அதற்கு ஸ்டோர்மேன் என்ன செய்வான், இராத்திரி உட்கார்ந்து பின்னுவானா? அங்கே ஒரு நல்ல வழக்கமும் இருக்கிறது. சேவையில் இருப்பவர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர் பத்திரிகையிடமே தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசினார். எங்கள் காலத்தில் கார்ப்பரலிடம் காலுறை ஓட்டை என்று சொன்னாலே மைதானத்தைச் சுற்றி ஓடவேண்டி வரும்.

மறுபயன்பாடு என்பது ஏதோ நார்வேக்காரன் நேற்றுக் கண்டுபிடித்ததுபோல எழுதுகிறீர்கள். எங்கள் கியூ ஸ்டோரில், அதாவது படைத் தளவாடக் கிடங்கில், புதிதாக இருந்தது குறைவு. ஒரு தொகுதிப் பையன்கள் சேவைக் காலம் முடிந்து, அதாவது ஆர்ஓடி ஆகி, வெளியே போவார்கள். இப்போது அதை ஓஆர்டி என்கிறார்கள். அவர்கள் போனதும் ஹெல்மெட், வெப்பிங் என்கிற இடுப்பு, தோள் பட்டைகள், போஞ்சோ என்கிற மழைப் போர்வை, தண்ணீர்ப் போத்தல், மெஸ் டின் என்கிற சாப்பாட்டுத் தகரம் எல்லாம் சேறும் வேர்வையுமாக என் முன்னால் மலைபோல வந்து விழும். எண்ணவேண்டும், பிரிக்கவேண்டும், துவைப்பவருக்கு எது, தையலுக்கு எது, கழிப்பதற்கு எது என்று ஒதுக்கவேண்டும். நம்மூர் ஈரத்துக்கு, வெயிலில் காயாமல் கட்டிவைத்த கேன்வாஸ் வெகு சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும். கொக்கி வளைந்திருக்கிறதா, பட்டை இற்றுப்போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துத்தான் அடுக்குவோம். ஒரு மெஸ் டின் குறைந்தால், தொலைந்த சாமானுக்கான 1206 படிவத்தில் கையெழுத்து வாங்கிக் காசு பிடிக்கவேண்டும். வெப்பிங்கின் உட்பக்கம் மார்க்கர் பேனாவில் மூன்று நான்கு பேருடைய பெயர் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். யாரும் அருவருத்ததில்லை. பூட்ஸ் மட்டும் ஒருவன் காலில் படிந்ததை இன்னொருவனுக்குக் கொடுக்கக்கூடாது, கொப்புளம் வந்து நடக்கமாட்டான். இதையெல்லாம் தூங்கிக்கொண்டே செய்ய முடியாது.

ஆனால் ஊரில் மதிப்பு என்னவோ கமாண்டோவுக்குத்தான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், "அண்ணே, நீங்க எந்த யூனிட்டு?" என்று ஆரம்பிப்பார்கள். ஸ்டோர்மேன் என்றதும் ஒரு சிரிப்பு, அப்புறம் பக்கத்து இலைக்காரரிடம் பேச்சு போய்விடும். ஜூலை 1 ஆயுதப்படை தினத்துக்கு ஆண்டுதோறும் சிறப்புப் பக்கம் போடுகிறீர்களே, அதில் ஒரு தடவையாவது ஒரு சமையற்காரரையோ, லாரி ஓட்டியவரையோ, ஸ்டோர்மேனையோ பேட்டி கண்டதுண்டா? முகத்தில் கரி பூசிய படம் இருந்தால்தான் அச்சு ஏறும் போல.

என் மகன் காலத்தில் முறை மாறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். சீருடை வாங்க ஆளுக்கு இவ்வளவு என்று புள்ளிக் கணக்கு, கடைபோல அடுக்கிவைத்து அளவு பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் அவனுக்கு முதலில் கிடைத்த கால்சட்டையில் இரண்டு பேர் நுழையலாம். மாற்றக் கேட்டால் அடுத்த வாரம் வா என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் படைச் சாமான் விற்கும் பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டுக்குப் போய்க் காசு கொடுத்து இடுப்பைப் பிடித்துத் தைத்தோம். அந்த மார்க்கெட்டில் இன்றைக்கும் கூட்டம் இருக்கிறதே, ஏன் என்று எழுதுங்கள். பெயர்ப்பட்டையில் நம்மவர் பெயர் முழுதாக ஏறாமல் பாதியில் நிற்கும் கதை வேறு. அதைப் பற்றி நான் முன்பே ஒரு கடிதம் எழுதினேன், நீங்கள் போடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முழுநேரச் சேவைக்குப் பிறகு அவ்வப்போது கூப்பிடும் போர்க்காலப் படைப் பயிற்சியும் மகனுக்கு முடிந்துவிட்டது. அவனுடைய நான்காம் எண் சீருடைகள், அதாவது பச்சைப் புள்ளி போட்ட களச் சீருடைகள், கிழிசல் இல்லாதவை, அலமாரியில் மடித்துக் கிடக்கின்றன. இந்த புளோக்கிலேயே எத்தனை வீட்டில் அப்படிக் கிடக்குமோ! கீழே உள்ள மறுசுழற்சித் தொட்டியில் போட மனமில்லை. யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாது. படையில் இல்லாதவன் அதை மாட்டிக்கொண்டு படைவீரன் என்று நம்பவைத்தால் தண்டனைச் சட்டப்படி குற்றம். ஒரு மெஸ் டின்னுக்கு என்னிடம் கணக்குக் கேட்டவர்கள், இத்தனை நல்ல துணிக்குக் கணக்கு கேட்கவில்லை. நார்வேயில் காலுறையைக்கூடத் திருப்பி வாங்கினார்கள், நீங்கள் சிரிக்கிறீர்கள்.

எனவே, தயவுசெய்து உங்கள் நிருபர் ஒருவரை விட்டு, பழைய சீருடையை எங்கே, எந்த நேரத்தில் ஒப்படைக்கலாம், ஒப்படைக்க வழி உண்டா என்று உரியவர்களிடம் கேட்டு ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். நான்கு வரி போதும். இடம் போதவில்லை என்றால் அந்த நகைச்சுவை வரி இருந்த இடத்தில் போடலாம். இந்தக் கடிதத்தையும் வழக்கம்போல வெட்டத்தான் போகிறீர்கள். கல்யாண வீட்டுப் பத்தியை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள், காலுறை பற்றியதை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டோர்மேன்,
ஈசூன், சிங்கப்பூர்