உன் ரத்தத்தை ஏன் ஏற்றவில்லை, தம்பி

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி சுங்கை சிப்புட் கடையில் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டி, "இவ்வளவு ரத்தம் ஓடுதுக்கா, என் பிள்ளைக்குக் கொஞ்சம் எடுத்து ஏத்த மாட்டேங்கிறாங்களே" என்று அழுதாய். அங்கே எனக்குப் பதில் வரவில்லை. பச்சைக் குழந்தைகளின் தீவிர சிகிச்சை வார்டில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்தவள் நான். தெரிந்ததை இங்கே எழுதுகிறேன், உன்னைப் போல இன்னொரு அப்பாவும் படிக்கட்டும்.

உன் மகள் 900 கிராம். அவள் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே 80 மில்லி போலத்தான். நீ ஆறவிட்ட தே தாரிக் கிளாஸில் பாதிக்குக்கூட வராது. பரிசோதனைக்கு ஒரு மில்லி எடுத்தால், உன்னிடம் 60 மில்லி எடுத்த மாதிரி. குறைமாதப் பிள்ளைக்குப் புது ரத்தம் ஊறுவதும் மெதுவாகத்தான். அதுதான் அந்த வெளுப்பு. பிறந்ததும் கொடியை வெட்டாமல் ஒரு நிமிஷம் பொறுத்தார்கள் என்றாயே, அப்போது நஞ்சுக்கொடியிலிருந்து அவளுக்குப் போன ரத்தம் பெரிய சொத்து.

சரி, வெளுத்திருந்தும் ஏன் ஏற்றவில்லை? 2020-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்காவில் ஒரு கிலோவுக்கு மேற்படாத 1,824 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கினாலே ரத்தம். மறு பிரிவுக்கு இன்னும் இறங்கும்வரை காத்திருப்பு. இரண்டு வயது வாக்கில் பார்த்தபோது, பிழைத்ததிலும் மூளை வளர்ச்சியிலும் வித்தியாசம் இல்லை. ஐரோப்பாவில் 1,013 குழந்தைகளிடமும் அதே முடிவுதான். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு விஷயம் இன்னும் கடுமை. 2019-இல் வந்த ஆய்வில், தாராளமாக ஏற்றிய குழந்தைகளிடம்தான் மரணமும் பெரிய ரத்தக்கசிவும் அதிகம். அதைப் படித்த அன்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நல்லது என்று நம்பி நானே எத்தனை முறை ஏற்றியிருக்கிறேன்!

அந்த அமெரிக்க ஆய்வில் காத்திருந்த பிரிவுக்கு ஹீமோகுளோபின் எல்லை, முதல் வாரத்தில் மூச்சுக்கு உதவி வேண்டிய பிள்ளைக்கு 11. மூன்றாம் வாரத்தில் தானாக மூச்சுவிடும் பிள்ளைக்கு 7. ஆகவே டாக்டரிடம் "ரத்தம் கம்மியா?" என்று கேட்காதே. இன்றைக்கு எண் என்ன, எந்த எண்ணில் ஏற்றுவீர்கள் என்று கேள்.

அப்புறம், உன் ரத்தம். நெருங்கிய சொந்தத்தின் வெள்ளணுக்களைப் பிள்ளையின் உடம்பு அந்நியம் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே தங்கி அவளையே தாக்க ஆரம்பித்தால் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம். அதைத் தடுக்க, ஏற்றும் முன்பே ரத்தப் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்து அவற்றை முடக்குவார்கள். அம்மாவிடமிருந்து பிள்ளைக்குள் வந்த எதிர்ப்பொருள்கள் அப்பாவின் சிவப்பணுக்களைத் தாக்குவதும் உண்டு. அதனால் வெளியார் ஒருவரின் ரத்தத்தைச் சின்னச் சின்னப் பைகளாகப் பிரித்து வைத்து, தேவைப்படும்போதெல்லாம் அதிலிருந்தே கொடுப்பது நல்ல வழக்கம். அவளுக்கு ஒரு தடவைக்கு 15 மில்லி போதும். மூன்று நான்கு மணி நேரம் பம்பில் மெல்ல இறங்கும்.

உன் அட்டையில் ஓ நெகடிவ் என்று இருக்கிறது. மலேசியாவில் நெகடிவ் ரத்தம் மலாய்க்காரர், சீனரைவிட நம் ஆட்களிடம்தான் கூடுதல். வகை பார்க்க நேரமில்லாத அவசரத்தில் பச்சைப் பிள்ளைக்குத் தேடுவது அதைத்தான். ரத்த வங்கியில் கையை நீட்டு தம்பி, யாரோ ஒருவரின் மகளுக்கு நீ அந்த வெளியார்.

நாளைக் காலை முதல் பஸ்சுக்கு நானும் வருகிறேன். தங்கச்சி எடுத்து வைத்திருக்கும் தாய்ப்பாலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு வா.

அக்கா