பின்சீட் பக்கிளை வெளியே எடுத்து வையுங்கள்

வாடகை கார் உரிமையாளர்களுக்கும், அந்தக் கார்களுக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கொடுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக மதுரையிலிருந்து திருச்சிக்கு வாடகை கார் எடுத்தோம். பின்சீட்டில் நானும் அம்மாவும். பெல்ட்டை இழுத்தேன், வந்தது. மாட்டலாம் என்று பார்த்தால் அதைச் செருகும் பக்கிளைக் காணோம். புது ரெக்சின் கவரை சீட் முழுக்க இழுத்து மாட்டியிருந்தார்கள். மேலே அழுத்திப் பார்த்தபோது பக்கிள் உள்ளே கட்டியாகக் கையில் தட்டுப்பட்டது. "பின்னாடி எதுக்குக்கா? போலீஸ் முன்சீட்டை மட்டும்தான் பார்ப்பாங்க" என்றார் டிரைவர் தம்பி. அவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் கவரைப் போட்டது அவர் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் என் அத்தையும் இப்படித்தான் ஒரு வாடகை காரின் பின்சீட்டில் போனார். மாடு குறுக்கே வந்து, கார் சென்டர் மீடியனில் மோதியது. பெல்ட் போட்டிருந்த டிரைவர் தோளில் சிராய்ப்போடு இறங்கி நின்றார். முன்சீட்டில் முகம் மோதிய அத்தைக்குத் தாடை உடைந்தது. ஆறு வாரம் பல்லைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். ஸ்ட்ரா வழியாகக் கஞ்சித் தண்ணீர்தான். இன்றைக்கும் முறுக்கைக் காபியில் ஊறவைத்துத்தான் சாப்பிடுகிறார்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும், போடாவிட்டால் 1000 ரூபாய் அபராதம். சரி, பக்கிளே கைக்கு எட்டாத காரில் நான் எதில் மாட்டுவது? கார் சட்டென்று நின்றாலும் உள்ளே இருக்கும் உடம்பு நிற்காது. அதே வேகத்தில் போய் முன்னால் விழும், பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து நசுக்கும். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே, டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி போன கார் பாலத்துச் சுவரில் மோதியதே, அதில் பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். இருவரும் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ். முன்சீட்டில் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். அவ்வளவு பெரிய செய்திக்குப் பிறகும் கவருக்குள் கிடக்கும் பக்கிள் வெளியே வரவில்லை என்றால் எனக்குக் கோபம் வராதா?

பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தும் சத்தத்தை நிறுத்த, பக்கிளில் பெல்ட்டுக்குப் பதிலாக வெறும் கிளிப் வாங்கிச் செருகுகிறார்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களிலிருந்து அதை நீக்கச் சொல்ல வேண்டியிருந்தது. உயிரைக் காக்க வரும் சத்தம் நமக்குத் தொல்லையாகிவிட்டது. அப்புறம் ஏழு பேர் வண்டியில் பன்னிரண்டு பேர், மடியில் குழந்தை. அதையெல்லாம் எழுதினால் கடிதம் முடியாது.

நான் கேட்பது ஒன்றுதான். உரிமையாளர்களே, கவரில் பக்கிள் வரும் இடத்தை வெட்டி அதை வெளியே எடுத்து வையுங்கள். கத்திரிக்கோலால் ஐந்து நிமிட வேலை. அதிகாரிகளே, எஃப்.சி.க்கு வரும் காரின் பின்கதவைத் திறந்து, உட்கார்ந்து, பெல்ட்டை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். மாட்ட முடியாத காரைத் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்.

அடுத்த மாதம் அத்தையைப் பழனிக்குக் கூட்டிப் போக வேண்டும். பின்சீட்டில் பக்கிள் வெளியே இருக்கும் காராக ஒன்று அனுப்பி வையுங்கள்.