கோபுரத்தின் காலடியையும் படமெடுங்கள்: ஒளிப்படக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழங்கோபுரங்களையும், கோயில் கருவறைக்கு மேல் எழும் விமானங்களையும், பள்ளிவாசல் மினார்களையும் மணிக்கோபுரங்களையும் தேடித்தேடிப் படமெடுக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் படங்களைப் பல ஆண்டுகளாக ஆசையோடு பார்த்துவருகிறேன். விடியல் வெளிச்சம் பட்ட உச்சி, கருமேகத்துக்கு முன்னால் மின்னும் கலசம், கிளிகள் கூடுகட்டிய மாடம் என்று அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான படங்களில் கோபுரத்துக்குக் காலே இருப்பதில்லை. வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம், கேமராவும் நம்மோடு அண்ணாந்துவிடுகிறது. கோபுரம் தன் வரலாற்றை எழுதி வைத்திருப்பதோ பல இடங்களில் கீழே, நம் முழங்கால் உயரத்தில்.

இதை 1858-இலேயே உணர்ந்த ஒருவர் இருந்தார். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகத் தஞ்சைக்கு வந்தார். அன்றைக்குக் கேமரா என்பது பெரிய மரப்பெட்டி. அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். பெரிய கோயிலின் விமானத்தை முழுமையாக எடுத்ததோடு அவர் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. விமானத்தின் அடியில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளுக்கு முன்னால் பெட்டியை வைத்து, துண்டு துண்டாக நகர்ந்து நகர்ந்து எடுத்தார். அப்படி எடுத்த 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டைப் படமெடுத்தவர்களில் அவரை முன்னோடி என்றே சொல்வேன். அந்த எழுத்துகள் படிக்கப்பட்டு, கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக 1891 முதல் அச்சேறின. படம் முந்தியது, படிப்பு பிந்தியது.

அந்தக் கல்வெட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? விமானத்தின் உச்சியில் வைப்பதற்கான செப்புக்குடத்தை முதலாம் இராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டில், 275-ஆம் நாளில் கொடுத்தான் என்ற செய்தி இருக்கிறது. நம் கணக்கில் 1010-ஆம் ஆண்டு. உச்சியைப் பற்றிய செய்தியை அடியில்தான் பொறித்திருக்கிறார்கள்! அரசன் கொடுத்தவை மட்டுமல்ல, அக்காள் குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, அதிகாரிகள் கொடுத்தவை எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்த விமானத்தை எத்தனையோ லட்சம் பேர் படமெடுத்திருப்பார்கள். அந்த வரிகளை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள்?

அதே விமானத்தின் படத்துக்குக் கீழே "நிழல் தரையில் விழாத கோபுரம்" என்று எழுதிப் பகிர்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 60 மீட்டருக்குமேல் உயர்ந்து நிற்கும் கல்மலைக்கு நிழல் இல்லாமல் போகுமா? காலையிலோ மாலையிலோ அங்கே சற்று நேரம் நின்றால் நிழல் நீண்டு கிடப்பதைப் பார்க்கலாம். கேமரா உங்கள் கையில்தானே இருக்கிறது, அந்த நிழலையே எடுத்துப் போடுங்கள். இல்லாத அதிசயத்தை ஒட்டவைத்துத்தான் அந்த விமானத்தைப் பெருமைப்படுத்த வேண்டும் என்பதில்லை. அடித்தளத்தில் பெயரும் நாளும் எடையும் குறித்து இத்தனை துல்லியமாகக் கணக்கு வைத்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவல்ல.

திருவரங்கத்துத் தெற்கு ராஜகோபுரமும் இப்படித்தான். "ஆயிரம் ஆண்டுப் பழமை" என்ற குறிப்போடு அதன் முழு உயரப் படங்கள் சுற்றிவருகின்றன. நூற்றாண்டுக்கணக்கில் அது அடித்தளத்தோடு நின்றுபோன மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. 13 நிலைகளும் எழும்பி அது நிறைவுபெற்றது 1987-இல். கருங்கல் அடியும் மேலே உள்ள நிலைகளும் வேறு வேறு காலத்தவை என்று தெரிந்தபின் அதன் மதிப்பு குறைந்துவிடுமா? எனக்குக் கூடித்தான் போகிறது. விட்ட இடத்தில் தொடர ஒரு தலைமுறை முன்வந்தது என்பது பெரிய செய்தி. நம் கோபுரங்கள் பலவற்றில் கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதை என்ற சுண்ணாம்புச் சாந்தும். திருப்பணிதோறும் சுதை உருவங்களுக்குப் புதுப்பூச்சும் புதுவண்ணமும் ஏறுகின்றன. நீங்கள் இன்று எடுக்கும் வண்ணம் அடுத்த குடமுழுக்குக்குப்பின் இருக்காது. ஆகவே எடுத்த தேதியைப் படத்தோடு சேர்த்து வையுங்கள். ஒரு படத்துக்கு அதைவிடப் பெரிய உதவி நீங்கள் செய்துவிட முடியாது.

கல்லின் நிறத்தையே காலக்கணக்காகப் படிக்க விரும்புகிறவர்கள் டில்லி குதுப் மினாரின் முன்னால் நிற்க வேண்டும். 72.5 மீட்டர். டில்லி சுல்தான் குத்புதீன் ஐபக் தொடங்கிவைத்தார், அவருக்குப்பின் வந்த இல்துமிஷ் மேலே கொண்டுபோனார். 14-ஆம் நூற்றாண்டில் இடி விழுந்து உச்சி சிதைந்தது. ஃபிரோஸ் ஷா துக்ளக் அதைச் சீர்செய்து மேல் அடுக்குகளைக் கட்டினார். கீழே முழுக்கச் செம்மணற்கல், மேலே போனால் வெண்பளிங்கு கலக்கிறது. அந்த மாற்றம் நடக்கும் இடத்தை மட்டும் ஒரு நீண்ட லென்ஸில் நெருக்கி எடுத்துப் பாருங்கள், ஒரே சட்டகத்துக்குள் ஒன்றரை நூற்றாண்டு அடங்கிவிடும். 1803 நிலநடுக்கத்துக்குப்பின் ராபர்ட் ஸ்மித் என்ற பொறியாளர் உச்சியில் ஒரு குவிமாட மண்டபத்தை வைத்தார். மினாருக்கும் அதற்கும் ஒட்டவே இல்லை. 1848-இல் கீழே இறக்கிவிட்டார்கள். இன்றும் அது அந்த வளாகத்துப் புல்வெளியில்தான் இருக்கிறது. மினாரைப் படமெடுக்க வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இறக்கப்பட்ட அந்த மண்டபத்தை முன்னாலும் மினாரைப் பின்னாலும் வைத்து ஒரு படம் எடுங்கள். பழுதுபார்ப்பதில் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

ஸ்பெயினின் செவில் நகரத்து ஹிரால்டா கோபுரத்தையும் சொல்லியாக வேண்டும். 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த பள்ளிவாசல் மினாரின் மேல், 16-ஆம் நூற்றாண்டில் தேவாலயத்துக்கான மணிக்கூண்டை ஏற்றினார்கள். அடியில் பதித்த கற்களில் ரோமர் காலத்து லத்தீன் எழுத்துகள் தெரிகின்றன. மூன்று காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. உச்சியை மட்டும் எடுத்தால் ஒரே காலம்தான் கிடைக்கும்.

இனி, உங்களில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரத்தின் இரு பக்கங்களும் உச்சியில் கூம்பிப்போகும், பின்னால் சாய்வதுபோலத் தோன்றும். இதைச் சரிசெய்ய மென்பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் எல்லாம் நேராகிவிடும். ஆனால் அந்தக் கோபுரம் உண்மையிலேயே சாய்ந்திருந்தால்? குதுப் மினார்கூடச் செங்குத்திலிருந்து ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் விலகித்தான் நிற்கிறது. பீசா கோபுரத்தில் சாய்வோடு வளைவும் உண்டு. 1173-இல் தொடங்கிய கட்டுமானம் சில அடுக்குகளிலேயே மென்மண்ணில் அழுந்திச் சாயத் தொடங்கியது. போர்களால் வேலை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நின்றது, அந்த இடைவெளியில் மண் இறுகியது. நிற்காமல் கட்டியிருந்தால் கோபுரம் அப்போதே விழுந்திருக்கும் என்பது பொறியாளர்களின் கணிப்பு. மீண்டும் கட்ட வந்தவர்கள் மேலடுக்குகளைச் சாய்வுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டினார்கள். அதனால்தான் அது வளைந்திருக்கிறது. அந்த வளைவில் கொத்தர்களின் இரண்டு நூற்றாண்டுப் போராட்டம் பதிந்திருக்கிறது. தானியங்கித் திருத்தத்தில் அது ஒரு நொடியில் காணாமல் போகும். திருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திருத்தாத மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள். முடிந்தால் தள்ளி நின்று, எதிர்க் கட்டடத்தின் மாடியிலிருந்து, கேமராவை மட்டமாக வைத்து ஒரு படமும் எடுத்துவையுங்கள்.

படம் எதற்கு இத்தனை துல்லியமாக இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். டிரைப் தஞ்சையில் வேலை செய்த அதே 1858-இல், ஜெர்மனியின் வெட்ஸ்லர் பேராலயத்தை அளவெடுத்துக்கொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்ற இளைஞர் உயரத்திலிருந்து விழப்பார்த்து மயிரிழையில் தப்பினார். ஏறி அளப்பதற்குப் பதிலாகப் படமெடுத்து, படத்திலிருந்தே அளந்தால் என்ன என்ற யோசனை அவருக்கு அப்போது பிறந்தது. 1885-இல் பெர்லினில் அதற்கென்றே ஒரு அரசு நிறுவனம் அவர் தலைமையில் தொடங்கியது. அங்கே சேர்ந்த சுமார் 20,000 கண்ணாடித் தகடுகள், இரண்டாம் உலகப்போரில் சிதைந்த கட்டடங்களைச் சீரமைத்தபோது கைகொடுத்தன. இன்று ஒரு கோபுரத்தைச் சுற்றிவந்து, முந்தைய படத்தில் தெரிந்த பகுதியில் பாதிக்குமேல் அடுத்த படத்திலும் வருவதுபோல எடுத்தால், கைப்பேசிப் படங்களிலிருந்தே முப்பரிமாண உருவத்தைக் கணினி கட்டித்தருகிறது. மைடன்பவர் உயிரைப் பணயம் வைத்த வேலை உங்கள் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது.

கோபுரங்கள் விழவும் செய்கின்றன. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிவந்தேன். வெனிஸ் சான் மார்க்கோ மணிக்கோபுரம் 1902 ஜூலை 14 அன்று இடிந்து குவியலானது. முந்தைய நாள்களிலேயே சுவரில் விரிசல் ஓடியிருந்தது. இருந்த இடத்தில், இருந்தபடியே கட்டுவோம் என்று தீர்மானித்து 1912-இல் திறந்தார்கள். 1989 மார்ச்சில் இத்தாலியின் பாவியா நகரத்துக் கோபுரம் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில்தான் 1990 ஜனவரியில் பீசாவை மூடி, 11 ஆண்டுகள் வேலைசெய்து, சாய்வைக் கொஞ்சம் குறைத்துத் திறந்தார்கள். நம் பக்கத்தில், ஆந்திரத்துக் காளத்தி (ஸ்ரீகாளஹஸ்தி). கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம் 2010 மே 26 இரவு சரிந்தது. அங்கேயும் விரிசல் முன்பே கண்ணில் பட்டிருந்தது. ஈராக்கின் மோசுல் நகரத்தின் சாய்ந்த மினாரை 2017-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மறுபடி எழுப்பியபோது பழைய சாய்வோடேயே எழுப்பினார்கள்.

ஆகவே விரிசலைப் படமெடுங்கள். பெயர்ந்த சுதையை, கற்களுக்கிடையே முளைத்த ஆலங்கன்றை, நீர் வடிந்த கறையை எடுங்கள். அழகில்லை என்று ஒதுக்கும் அந்தப் படங்கள்தான், சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொருவர் எடுக்கும் படத்தோடு வைத்துப் பார்க்கும்போது, விரிசல் வளர்ந்திருக்கிறதா என்று சொல்லும். சாரம் கட்டியிருந்தால் முகம் சுளித்துத் திரும்பாதீர்கள். சாரத்தை மென்பொருளால் அழித்துவிட்டு "இன்றைய தோற்றம்" என்று போடாதீர்கள். எந்த ஆண்டு எந்தப் பக்கம் பழுதுபார்த்தார்கள் என்பதற்கு அது சாட்சி. வெனிஸ் கோபுரம் விழும் கணத்தைக் காட்டுவதாக ஒரு போலிப்படம் அன்றே ஒட்டிவெட்டித் தயாராகி ஊரெல்லாம் பரவியது. இன்று அதைச் செய்ய ஒட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். அதனால் உங்கள் பொறுப்பு கூடியிருக்கிறது.

கல்வெட்டு எடுக்கப் போகிறவர்களுக்கு: எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்புக்கட்டியோ மாவோ பூசாதீர்கள், எண்ணெய் தடவவே தடவாதீர்கள். வெயில் பக்கவாட்டில் சாயும் காலையும் மாலையும் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தானாகவே இறங்கும். வெயில் எட்டாத சுவரென்றால் ஒரு கைவிளக்கைப் பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடித்தால் போதும். முக்காலி, ட்ரோன் இவற்றுக்கு அனுமதி தேவைப்படும் இடங்களில் கேட்டு வாங்குங்கள். காவலாளியிடம் பேசுங்கள், பழுதுபார்க்கும் கொத்தரிடமும் ஸ்தபதியிடமும் பேசுங்கள். எந்த மாடம் போன மழையில் உதிர்ந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில், ஏதோ ஒரு கோபுரத்தின் முன்னால் குடும்பத்தோடு நிற்கும் கறுப்புவெள்ளைப் படம் ஒன்றாவது இருக்கும். அதை எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். முன்பக்கத்தில் தோள்களுக்குப் பின்னால் கோபுரத்தின் கீழ்நிலை தெளிவாகத் தெரியும், பின்பக்கத்தில் யாராவது ஆண்டை எழுதியிருப்பார்கள். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, ஊர்ப்பெயரும் கோபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் சேர்த்து, அந்தக் கோபுரத்தைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களின் வாசகர் ஒருவர்